கழிவுநீரில் மீன் வளர்க்கும் கொல்கத்தா!

கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் ஓடுகிறது ஈஸ்டர்ன் மெட்ரோபாலிடன் பைபாஸ். சாலையை ஒட்டி மால்கள், பெரிய மருத்துவமனைகள், வானத்தைத் தொடும் அடுக்குமாடிகள். சயின்ஸ் சிட்டி பக்கத்தில் பிரியும் பாசந்தி நெடுஞ்சாலையில் திரும்பினால், சில நிமிடங்களில் காட்சி மாறிவிடுகிறது. முதலில் வருவது நாற்றம்தான். சாலையோடு கூடவே வருகிறது ஒரு கறுப்புக் கால்வாய். அதில் ஓடுவது மாநகரத்தின் சாக்கடை. தண்ணீர் தேங்கும் இடங்களில் சின்னச் சின்னக் குமிழிகள் மேலே வந்து உடைந்துகொண்டே இருக்கின்றன.

மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போனால், கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். கறுப்பு இல்லை, பாசிப்பச்சை. கரையோரம் ஆகாயத்தாமரை. நட்டுவைத்த மூங்கில் கழிகளின் மேல் இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகங்கள். கொக்குகள், மீன்கொத்திகள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை இழுக்கும் ஆட்கள். நாற்றம் போன இடம் தெரியவில்லை.

ஆனால், கறுப்புக் கால்வாயில் ஓடியதும் இந்தப் பச்சைக் குளத்தில் நிற்பதும் ஒரே தண்ணீர்தான். கொல்கத்தா வீடுகளின் கழிவறையிலும் சமையலறையிலும் இருந்து வந்த தண்ணீர். அங்கே குமிழி விட்ட அதே கழிவு, இங்கே ரோகுவாகவும் கட்லாவாகவும் மாறுகிறது. உலகம் சூடாவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் குளங்களை ஏன் கவனிக்க வேண்டும் என்பதற்கான பதிலும் அந்தக் குமிழிகளுக்குள்தான் இருக்கிறது.

செத்த நதியும் புது மீனும்

கொல்கத்தாவுக்கு மேற்கே ஹூக்ளி நதி. ஆனால் நகரத்தின் நிலம் சரிவது கிழக்குப் பக்கம். அதனால் 19-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் நிலத்தடிச் சாக்கடை கட்டியபோது, கழிவை ஹூக்ளிக்கு அனுப்பாமல் கிழக்கே இருந்த வித்யாதரி நதியை நோக்கித் திருப்பினார்கள். அப்போது அந்தப் பக்கம் முழுவதும் உப்பு ஏரிகள். வித்யாதரி வழியாகக் கடலின் ஓதம் ஏறி இறங்கும். உவர்நீர் மீன்கள் துள்ளும்.

வித்யாதரி மெல்ல மெல்ல வண்டல் மேடிட்டது. 1928-ல் அதைச் செத்துப்போன நதி என்றே அறிவித்துவிட்டார்கள். கடல் தண்ணீர் வரத்து நின்றது. உப்பு ஏரிகளில் மீன் இல்லாமல் போனது. பிழைப்புக்கு என்ன செய்வது என்று கையைப் பிசைந்த மீன்காரர்கள், பக்கத்தில் ஓடிய சாக்கடைத் தண்ணீரை ஏரிக்குள் விட்டுப் பார்த்தார்கள். கெண்டை மீன் செழித்து வளர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அதையே செய்தார்கள். எந்தப் பொறியாளரும் வரைந்து கொடுக்காத திட்டம் அது.

வங்காளத்தில் இந்த மீன் குளங்களுக்கு 'பேரி' என்று பெயர். இன்று சுமார் 250 பேரிகள் இருக்கின்றன. வயல்கள், காய்கறித் தோட்டங்கள், குடியிருப்புகள் எல்லாம் சேர்த்து 12,500 ஹெக்டேர் பரப்பு. 'கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலங்கள்' என்ற பெயரில் 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. நாளொன்றுக்கு மாநகரம் வெளியேற்றும் கழிவுநீர் 60 கோடி லிட்டருக்கும் மேல். அதில் பெரும்பங்கு இந்தப் பக்கம்தான் வருகிறது. ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் மீன் கொல்கத்தா சந்தைகளுக்குப் போகிறது.

இதை உலகத்துக்குச் சொன்னவர் துருபஜோதி கோஷ். மேற்கு வங்க அரசில் பணியாற்றிய சுகாதாரப் பொறியாளர். 1980-களின் தொடக்கத்தில், நகரத்தின் கழிவுநீருக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்வதற்காகக் கால்வாயைப் பின்தொடர்ந்து நடந்தார். சுத்திகரிப்பு நிலையம் எங்கேயும் இல்லை. மீனவர்களும் விவசாயிகளும்தான் இருந்தார்கள். கைநாட்டு வைக்கிறவர்கள்கூட, தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அதன் பக்குவத்தைச் சொன்னார்கள். இந்த நிலத்தை அளந்து வரைபடமாக்கி, அதைக் காப்பாற்றுவதற்காகவே 2018-ல் மறையும்வரை பாடுபட்டார் கோஷ். ஐ.நா.வின் 'குளோபல் 500' விருது 1990-ல் அவருக்குக் கிடைத்தது.

இடுப்பளவுத் தண்ணீரின் சூட்சுமம்

பேரிகளின் ஆழம் பெரும்பாலும் அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரைதான். வித்தை எல்லாம் இதில்தான்.

குளிர்காலத்தில் பேரியின் தண்ணீரை வடிப்பார்கள். அடியிலிருக்கும் சேற்றை வாரிக் கரையில் போடுவார்கள். தரையை வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு தூவுவார்கள். வேண்டாத மீன்களை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு போடுவதும் உண்டு. பிறகு மதகைத் திறந்து கழிவுநீரை விடுவார்கள். உடனே மீன் விடுவதில்லை. இரண்டு, மூன்று வாரம் அப்படியே வெயிலில் கிடக்கும்.

அந்த நாட்களில் தண்ணீருக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. கழிவைத் தின்று சிதைக்கின்றன பாக்டீரியாக்கள். அவை விடும் கரியமில வாயுவையும், கழிவிலிருந்து பிரிந்த சத்துகளையும் எடுத்துக்கொண்டு வளர்கிறது பாசி. வெயிலின் துணையோடு அந்தப் பாசி வெளியிடும் ஆக்ஸிஜனை பாக்டீரியாக்கள் சுவாசிக்கின்றன. கறுப்பாக வந்த தண்ணீர் பச்சையாக மாறுகிறது. பாசி மிஞ்சிப்போனால் தண்ணீர் கெட்டுவிடும். அதைத் தின்று மட்டுப்படுத்துவதற்குத்தான் மீன்கள். ரோகு, கட்லா, மிர்கால், வெள்ளிக் கெண்டை, நம்மூர் ஜிலேபிக் கெண்டை என ஒவ்வொன்றும் ஒவ்வொரு மட்டத்தில் மேயும். முதலில் கொஞ்சம் மீனை விட்டுப் பார்ப்பார்கள். அவை பிழைத்தால்தான் மற்றவற்றுக்கு அனுமதி!

கரையோரத்து ஆகாயத்தாமரைக்கும் வேலை உண்டு. அலை வந்து மண்கரையை அரிக்காமல் தடுப்பது அதுதான். கழிவில் வரும் உலோகங்களில் ஒரு பகுதியையும் வேர்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

கொள்ளிவாய்ப் பிசாசின் முகவரி

இப்போது கால்வாயின் குமிழிகளுக்கு வருவோம். ஆக்ஸிஜன் எட்டாத இடத்தில் கழிவு சிதைந்தால் கதை வேறு. அங்கே காற்றே பிடிக்காத நுண்ணுயிர்கள் ஆட்சிக்கு வந்துவிடும். அவை கழிவைத் தின்றுவிட்டு வெளியிடுவது மீத்தேன். சாண எரிவாயு அடுப்பில் நீலமாக எரிகிறதே, அதே வாயு. இத்தாலியைச் சேர்ந்த அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா 1776-ல் மஜ்ஜோரே ஏரியின் சேற்றைக் குச்சியால் கிளறி, மேலே வந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்து ஆராய்ந்தபோது தெரிந்துகொண்டதும் இதைத்தான்.

சதுப்பு நிலத்தில் இரவில் மினுங்கும் வெளிச்சத்தை 'ஆலேயா' என்பார்கள் வங்காள மீனவர்கள். தண்ணீரில் செத்தவர்களின் ஆவி வழிதவற வைக்கிறது என்பது நம்பிக்கை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதற்குக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர். சேற்றிலிருந்து வரும் வாயுக்கள் பற்றிக்கொள்வதால் வருகிற ஒளி அது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

பிசாசு பயமுறுத்தியதோ இல்லையோ, மீத்தேன் நிஜமாகவே பயமுறுத்துகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் பூமியைச் சூடாக்கும் அளவு, கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு. இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு. நல்ல சேதியும் ஒன்று உண்டு. மீத்தேன் காற்றில் தங்குவது சுமார் பன்னிரண்டு ஆண்டுகள்தான். இன்று குறைத்தால், இன்றைய குழந்தைகள் வளர்ந்து ஆளாவதற்குள் பலன் தெரியும்.

வெப்ப நாடுகளுக்கு இதில் தனிக் கவலை இருக்கிறது. மீத்தேன் நுண்ணுயிர்களுக்குக் குளிர் ஆகாது. தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனால் அவை கிட்டத்தட்ட உறங்கிவிடும். குளிர் நாட்டுக் கழிவுநீர்க் குட்டைகளில், பனிக்காலத்தில் கழிவு அடியில் படிந்து கிடப்பதோடு சரி. 30, 35 டிகிரியில்தான் அவற்றுக்கு உற்சாகம். கொல்கத்தா, சென்னை, டாக்கா போன்ற ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அவற்றுக்கு விருந்து. போதாக்குறைக்கு, தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்ஸிஜனும் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் தங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான்.

அதே வெயில்தான் பாசியையும் வளர்க்கிறது. ஆக, வெப்பம் இரண்டு பக்கமும் வேலை செய்யும் கூலிக்காரன். வெயில் அடிவரை எட்டினால் ஆக்ஸிஜன். எட்டாவிட்டால் மீத்தேன்.

இரண்டு மீட்டர் கணக்கு

ஒரு நாடு எவ்வளவு வெப்ப வாயுக்களை வெளியிடுகிறது என்று கணக்குப் போட, ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. வழிகாட்டிப் புத்தகம் வைத்திருக்கிறது. கழிவுநீர்க் குட்டைகளை அது பிரிக்கும் கோடு இரண்டு மீட்டர் ஆழம். காற்றில்லாத குட்டை ஒன்று இரண்டு மீட்டருக்கு மேல் ஆழமாக இருந்தால், அதிகபட்சம் வரக்கூடிய மீத்தேனில் 80 சதவிகிதம் வரும் என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஆழம் இரண்டு மீட்டருக்குள் என்றால் 20 சதவிகிதம். வெயிலும் காற்றும் நன்றாகப் புகுந்து தண்ணீர் முழுவதும் ஆக்ஸிஜன் இருந்தால் இன்னும் குறையும்.

இதை ஒரு ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். இந்தியாவில் ஒருவர் நாளொன்றுக்கு வெளியேற்றும் அழுகக்கூடிய கழிவு, அதைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்ஸிஜனின் அளவில், 34 கிராம் என்பது அதே புத்தகத்தின் கணக்கு. ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் அது 3,400 கிலோ. அந்தக் கழிவு முழுவதும் ஆழமான குட்டைக்குப் போனால் தினமும் சுமார் 1,630 கிலோ மீத்தேன் வரும். ஆழம் குறைந்த குட்டையில் 410 கிலோ. கரியமில வாயுவாக மாற்றிச் சொன்னால் இரண்டுக்கும் நாளொன்றுக்கு 34 டன் வித்தியாசம். ஆண்டுக்கு 12,000 டன்னுக்கு மேல். அதே ஜனங்கள், அதே கழிவு, அதே வெயில். மாறியது குளத்தின் ஆழம் மட்டும்.

பேரிகளில் மீத்தேனே வராது என்று அர்த்தமில்லை. அடிச்சேறு இருக்கும் எந்தக் குளமும் கொஞ்சம் வெளியிடத்தான் செய்யும். ஆனால், சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேன் ஆக்ஸிஜன் நிறைந்த தண்ணீரைக் கடந்துதான் மேலே வர வேண்டும். அந்தத் தண்ணீரில் மீத்தேனையே தின்று வாழும் பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. வலை இழுக்கும்போதும் மீனவர்கள் நடக்கும்போதும் சேறு கிளறப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆண்டுதோறும் சேறு வாரும் பழக்கமும் சேர்ந்தால், வாயுவுக்கான கச்சாப் பொருளே குறைந்துவிடுகிறது. மீனுக்காகச் செய்கிற வேலைகள் எல்லாம் வானத்துக்கும் நல்லதாக அமைந்துவிட்டன.

ஆழமான குட்டை வைத்தே தீர வேண்டிய ஊர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. மெல்போர்ன் அருகே வெரிபீயில் இருக்கும் பிரம்மாண்டமான கழிவுநீர்ப் பண்ணையில், குட்டைகளுக்கு மேல் பெரிய விரிப்பைப் போர்த்தி வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு போன்ற சுத்திகரிப்பு நிலையங்களில், மூடிய தொட்டிகளில் சேரும் வாயு மின்சாரமாகிறது. அவற்றுக்கெல்லாம் முதலீடு வேண்டும், இயந்திரம் வேண்டும். பேரிகளில் தண்ணீருக்குக் காற்றூட்ட மோட்டார்கள் சுற்றுவதில்லை; அதற்காக எங்கோ நிலக்கரி எரிவதுமில்லை.

விடியலுக்கு முன்பே வேலை

பேரிக்காரர்களின் நாள் இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. பகலில் ஆக்ஸிஜன் கொடுத்த பாசி, இரவில் தானும் அதையே சுவாசிக்கும். அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், கழிவு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். உடனே மதகை அடைப்பார்கள். மேகமூட்டமான நாட்களிலும் கழிவுநீர் வரத்தைக் குறைத்துவிடுவார்கள். வெயில் இல்லாத நாளில் பாசிக்கு வேலை ஓடாது என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

பிடித்த மீன்கள் பான்தலா, சௌபாகா போன்ற இடங்களுக்கு விடிகாலை ஏலத்துக்குப் போகும். உயிரோடு போனால் விலை அதிகம். அலுமினியப் பானையில் தண்ணீரோடு மீனைத் தூக்கிச் செல்கிறவர்கள், வழியெல்லாம் உள்ளங்கையால் தண்ணீரை அலம்பிக்கொண்டே போவார்கள். காற்று கலந்துகொண்டே இருந்தால்தான் மீன் பிழைக்கும். குளத்தில் வெயில் செய்யும் வேலையை, சாலையில் கை செய்கிறது.

சேறும் சிமென்ட்டும்

இத்தனை உபகாரம் செய்யும் நிலத்துக்கு ஆபத்து இரண்டு பக்கமிருந்தும் வருகிறது.

முதலாவது சேறு. கழிவுநீரோடு வரும் வண்டல் ஆண்டுக்காண்டு படிகிறது. சேறு வாருவது பெரிய செலவு. அதை ஒத்திப்போட ஒத்திப்போட, குளம் தூர்ந்து தண்ணீர் பிடிக்கும் அளவு குறைகிறது. அடியில் அழுகும் பொருள் கூடுகிறது. கால்வாய்களும் தூர்ந்துவிடுவதால், கடைசியில் இருக்கும் பேரிகளுக்குக் கழிவுநீர் எட்டுவதில்லை. சாக்கடை வரவில்லை என்று கவலைப்படும் ஊர் உலகத்தில் வேறு எங்கே இருக்கும்?

இரண்டாவது சிமென்ட். கொல்கத்தாவின் சால்ட் லேக் நகரமே, 1960-களில் இப்படிப்பட்ட ஏரிகளை ஹூக்ளி வண்டலால் நிரப்பி உருவாக்கியதுதான். அந்த வேகம் அப்படியே போயிருந்தால் பேரிகள் கதை முடிந்திருக்கும். 'பப்ளிக்' என்ற குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், 1992-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்த நிலத்தைப் பாதுகாக்க உத்தரவிட்டது. 2006-ல் தனிச் சட்டமும் வந்தது. ஆனாலும் பைபாஸில் நின்று பார்த்தால், நிலத்தின் விலை எந்தப் பக்கம் நகர்கிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஓரங்களில் குளம் மேடாகி, மேடு மனையாகி, மனை வீடாகும் கதை நிற்கவில்லை.

குளம் போனால் மீன் போகும், மீனவர் பிழைப்பு போகும். கழிவு மட்டும் போகாது. அது ஏதாவது ஒரு கால்வாயில் தேங்கிக் கறுத்து, குமிழி விட்டுக்கொண்டு நிற்கும்.

இந்த மீனைச் சாப்பிடலாமா?

எல்லாருக்கும் வரும் கேள்வி இது. வெயிலும் நாட்களும் சேர்ந்து, கழிவில் வரும் நோய்க்கிருமிகளில் மிகப் பெரும்பகுதியைப் பேரியிலேயே அழித்துவிடுகின்றன. கொல்கத்தாக்காரர்கள் மூன்று தலைமுறைக்கு மேல் இந்த மீன்களைக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள். நன்றாகக் கழுவி, நன்றாக வேகவைப்பது அவசியம். உண்மையான கவலை வீட்டுக் கழிவில் இல்லை, தொழிற்சாலைக் கழிவில்தான். உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்புக்குப் பிறகு நகரத்துக்குள் இருந்த தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பான்தலாவுக்கு இடம் மாறின. தோல் பதனிடும் கழிவில் இருக்கும் குரோமியத்தைப் பாசியாலும் மீனாலும் சிதைக்க முடியாது. தொழிற்சாலைக் கழிவு தனியாகச் சுத்தமாகி, வீட்டுக் கழிவோடு கலக்காமல் இருப்பதில்தான் பேரிகளின் நல்ல பெயர் தொங்குகிறது.

போகிறவர்களுக்கு...

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். வெயில் உறைக்காது, பறவைகளும் கூடுதல். குடும்பத்தோடு போகிறவர்கள் சால்ட் லேக் செக்டார் 5 பக்கத்தில் இருக்கும் நல்பன் பேரியில் தொடங்கலாம். அங்கே ஒரு பக்கம் ஐ.டி. கட்டடங்கள், இன்னொரு பக்கம் மீன் குளம். உள்ளே இருக்கும் பேரிகளைப் பார்க்க பாசந்தி நெடுஞ்சாலைதான் வழி. அவை சுற்றுலாத் தலங்கள் அல்ல; கூட்டுறவுச் சங்கங்களும் தனியாரும் நடத்தும் வேலையிடங்கள். கரையில் ஏறுவதற்கு முன் அனுமதி கேட்பது மரியாதை. கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஏலம் பார்க்க வேண்டுமென்றால் சூரியனுக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டும். தண்ணீரின் நிறத்தையும் கவனிக்கலாம். பச்சை என்றால் குளம் மூச்சு விடுகிறது. கறுத்துக் குமிழி விட்டால் அது மூச்சுத் திணறுகிறது. ஊர் திரும்பிய பிறகு, சொந்த ஊரின் ஏரியையும் கால்வாயையும் இதே கண்ணால் பார்க்க எந்த டிக்கெட்டும் தேவையில்லை.